தொட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்

பூவிருந்தவல்லிச் சாலையில் போகிறவர்கள் காட்டுப்பாக்கத்தில் காட்டைத் தேடினால் ஏமாந்து போவார்கள். வயலாயிருந்த இடங்களில் இன்று மூன்று மாடியும் நான்கு மாடியுமாகக் கட்டடங்கள் நிற்கின்றன. மாடிக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் ஒரு வீட்டில். திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்கள் எதிர் வீட்டில். கணவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான். மனைவி போரூர்ப் பக்கத்துக் காரியாலயம் ஒன்றுக்குப் போய் வருகிறாள். எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே இரண்டு வருஷம் கழிந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் மொட்டைமாடிக் கொடியில் உள்ளங்கையளவுச் சட்டைகளும் வெள்ளைத் துணிகளும் வரிசையாகக் காய்கின்றன. அந்த வீட்டில் தலைச்சன் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கட்டடம் முழுவதற்கும் தெரிந்துபோகிறது.

தெரிந்ததும் வருகிறார்கள். பழமும் பிஸ்கோத்தும் வருகின்றன. மூக்கு அப்பனைப்போல் இருக்கிறதா, நெற்றி பாட்டியைப்போல் இருக்கிறதா என்ற விசாரணை நடக்கிறது. பிறந்து பத்து நாளான குழந்தைக்கு ஏதோ ஒரு ஜாடையைக் கண்டுபிடித்துச் சொல்லாமல் வீடு திரும்புவது மரியாதையல்ல என்பது நம்மவர் கொள்கை. தாயிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பால் போதுகிறதா?" அதுவும் குழந்தையைப் பற்றிய கேள்வியே என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். தொட்டிலை எட்டிப் பார்க்கிறவர் அநேகர். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்கிறவர் சிலரே. இந்த வாரம் நாம் அந்தக் கட்டிலைப் பற்றித்தான் எழுத விரும்புகிறோம்.

முன்னாளில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். வளைகாப்போ சீமந்தமோ முடிந்ததும் பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதம், ஐந்து மாதம் ஆன பிறகே கணவன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. வைத்தியம் தெரியாத கைகளில் எத்தனையோ தாய்மார்கள் மாண்டார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு நன்மையை மறுக்க முடியாது. பெற்றவள் படுத்திருக்கலாம். வெந்நீர் போட ஒருத்தி, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட ஒருத்தி, இரவில் அழுதால் தோளில் போட்டுக்கொண்டு உலாவ ஒருத்தி என்று வீட்டில் கைகள் இருந்தன. தீட்டு என்ற பெயரில் பதினோரு நாள் ஒதுக்கி வைத்ததுகூட, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எதுவாயினும், களைத்த உடம்புக்கு ஓய்வு தரும் ஒரு வேலியாகவும் இருந்தது.

பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியது பெரிய பாக்கியம். சென்னையில் எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியின் சரித்திரம் 1844-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. வீட்டு மூலையில் நடந்த காரியத்தை வைத்தியரின் கண்முன் கொண்டுவர அன்று தொடங்கிய முயற்சி, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, ஏறக்குறைய முழு வெற்றியை அடைந்திருக்கிறது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடந்தன. பெற்ற தாய்க்குச் சர்க்கார் பணம் தரும் திட்டம் 1987-இல் தொடங்கிற்று. அத்திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2018-இல் அதன் தொகை, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 18,000 ரூபாயாயிற்று. பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி துணையாக இருக்கலாம் என்ற ஏற்பாட்டைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே கொண்டுவந்ததும் நமது மாகாணம்தான். 102 என்ற எண்ணுக்குச் சொன்னால், சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் சேயையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கும் வண்டியும் உண்டு.

வண்டி வாசலில் இறக்கிவிட்டுப் போன பிறகு என்ன? நமது கேள்வி இங்கேதான் ஆரம்பமாகிறது.

சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீடு. வயிற்றைக் கீறி எடுத்திருந்தால் இன்னும் சில நாள். மேலே சொன்ன கணக்கெடுப்பிலேயே, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிஸேரியன் என்று காண்கிறது. அஃதாவது ஏறக்குறைய இரண்டு தாய்மாரில் ஒருத்தி, வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறாள். காட்டுப்பாக்கத்து மூன்றாம் மாடியில் லிப்ட் இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த தாயாருக்கு முழங்கால் வலி. பதினைந்து நாளில் திரும்பியாகவேண்டும், ஏனென்றால் அங்கே தகப்பனார் தனியாக இருக்கிறார். மாமியாருக்கு இன்னொரு மருமகளின் பிரசவம் அடுத்த மாதம். கணவனுக்கு மூன்று நாள் லீவு. நான்காம் நாள் விடிகாலையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. பிறகு அந்தப் பெண்ணும், இரண்டு மணிக்கொரு தரம் அழும் ஒரு ஜீவனுமாகப் பகல் முழுவதும் கழிகிறது.

பிறந்த குழந்தை இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். இரவு பகல் வித்தியாசம் அதற்குத் தெரியாது. தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லாததனால் புதிய தாய் தன்னிடம்தான் ஏதோ குற்றம் என்று நினைத்துக்கொள்கிறாள். முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறையும்; பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரையிலுங்கூடக் குறைவதுண்டு. பத்துப் பதினான்கு நாளில் பழைய எடை வந்துவிடும். இது தெரியாத அத்தை ஒருத்தி, "இளைத்துப் போச்சே, உன் பால் தண்ணீர்ப் பால்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போகிறாள். சொன்னவள் மறந்துவிடுவாள், கேட்டவள் மறப்பதில்லை. அன்று மாலையே மாவு டப்பா வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பால் போதுகிறதா என்பதற்கு அத்தையைவிட நம்பத்தக்க சாட்சி கொடியில் காயும் துணிதான். ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது குழந்தை துணியை நனைத்து, எடையும் ஏறி வருமானால், பால் போதுகிறது என்று பொருள்.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் தவறு என்று நாம் சொல்லவரவில்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் சுக்குக் கருப்பட்டியும் பெற்றவளுக்கு ருசியும் பலமும் தருபவை, தாராளமாகக் கொடுக்கட்டும். எண்ணெய் தடவி மெதுவாக உடம்பு பிடித்துவிடுவதும் நல்லதே. ஆனால் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவது பெரும் பிழை. மஞ்சளாய்க் கெட்டியாய் முதலில் சுரக்கும் அந்தப் பால் அளவில் சொற்பந்தான். குழந்தையின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும், நோயைத் தடுக்கும் சக்தியும் அதிலேதான் மிகுதி. பிறந்த ஒரு மணிக்குள் அதைப் புகட்டவேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

சேனை வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. குடும்பத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் விரலைச் சர்க்கரைத் தண்ணீரிலோ தேனிலோ தோய்த்துக் குழந்தையின் நாவில் தடவுகிறார். அவருடைய குணம் அதற்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் வந்ததா என்பதற்குச் சாட்சியம் இல்லை. விரலிலுள்ள அழுக்கு போய்ச் சேரும் என்பதில் சந்தேகமில்லை. தேனைப் பொறுத்தவரை, ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அது கூடவே கூடாது; உடம்பைத் தளரச் செய்யும் கொடிய விஷக்கிருமியின் விதைகள் அதில் இருக்கக்கூடும். தொப்புளில் சாம்பல் வைப்பதும், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் அவ்வாறே ஒழியவேண்டியவை. எல்லாவற்றையும்விட நமக்குக் கோபமூட்டும் வழக்கம், வயிறு பெருத்துவிடும் என்று சொல்லிப் பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது. சித்திரை வெய்யிலில், ஒரு குழந்தைக்குப் பால் சுரந்துகொண்டிருக்கும் உடம்புக்கு, தாகத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் அதைப் பத்தியம் என்று எப்படிச் சொல்வது?

உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட மனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பிரசவமாகி மூன்றாம் நாள் நான்காம் நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வருகிறது. பத்துப் பதினைந்து நாளில் தானே மறையும். மறையாமல் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது வேறு விஷயம். குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமை, சாப்பாட்டில் வெறுப்பு, எதிலும் பிடிப்பின்மை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு - இவை நோயின் குறிகள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி பிரசவித்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் பதின்மூன்று பேருக்கு இத்தகைய மனநோய் உண்டாகிறது. இதற்கு வைத்தியம் இருக்கிறது, குணமும் ஆகிறது. நம் வீடுகளிலோ, "பிள்ளை பெற்ற வீட்டில் அழலாமா?" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். திருஷ்டி கழிக்கிறார்கள், மந்திரிக்கிறார்கள். 2022-லிருந்து 14416 என்ற எண்ணில் மனநல யோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது.

இனி, கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போன அந்த இளைஞரிடம் இரண்டு வார்த்தை. பிரசவ லீவு என்பது நம் நாட்டில் எளிதில் வந்ததல்ல. 1929-இல் பம்பாய் மாகாணத்தில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்காக முதற் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1961-இல். பன்னிரண்டு வாரம் இருபத்தாறு வாரமானது 2017-இல். தமிழ்நாட்டுச் சர்க்கார் உத்தியோகத்திலுள்ள பெண்களுக்கு 2021-லிருந்து பன்னிரண்டு மாதம். தகப்பனுக்கோ? மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் பதினைந்து நாள் உண்டு. தனியார் தொழிற்சாலைக்காரருக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. இது அநியாயம் என்று நாம் கருதுகிறோம். சட்டம் எழுதியவர்கள் ஊரில் ஒரு தாய்வீடு இருக்கிறது என்று நம்பிவிட்டார்கள் போலும்.

ஆனால் லீவு கிடைக்கிறவரை காத்திராமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆண்மகனுடைய கைகளும் செய்யும். குளிப்பாட்டலாம், துணி மாற்றலாம், துவைத்துக் கொடியில் போடலாம். பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்து ஏப்பம் வருமட்டும் முதுகைத் தடவலாம். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை குழந்தையின் காவல் தன்னுடையது, பால் கொடுக்கமட்டும் அவளை எழுப்புவேன் என்று ஏற்றுக்கொண்டால், அவளுக்குப் பால் கொடுக்கும் நேரம் போக மீதி நேரம் கவலையற்ற தூக்கமாகும். அந்தத் தூக்கத்துக்கு ஈடான லேகியம் எந்த வைத்தியசாலையிலும் விற்பதில்லை. ஆண்பிள்ளை துணி துவைக்கிறானே என்று கீழ்வீட்டார் சிரிப்பார்களாம்! சிரிக்கட்டும். ஒரு மாதம் சிரித்து அலுத்துப்போவார்கள்.

வருகிறவர்களைத் தடுப்பதும் அவன் வேலையே. உறவினரை வராதே என்று சொல்ல அவளால் முடியாது. சொன்னால் அவள் பெயர் கெடும். அவன் சொல்லலாம். ஜலதோஷம் உள்ளவர்கள் ஒரு வாரம் கழித்து வரட்டும், மற்றவர்கள் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடட்டும், முத்தம் வேண்டாம். வெறுங்கையோடு வராதவர்களுக்கு ஒரு யோசனை: பழத்துக்குப் பதிலாக ஒரு தூக்குச் சோறும் ரசமும் கொண்டுபோங்கள். எதிர் வீட்டுக்காரருக்கு இது மிகவும் சுலபம். பெயர் தெரியாத குறையும் அன்றோடு தீரும்.

பயப்படவேண்டியவற்றுக்குப் பயப்படவும் வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும், உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுட்டாலும், மூச்சு வாங்கினாலும், பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும், பின்னர் உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலும் கைவைத்தியம் செய்துகொண்டிருக்கக்கூடாது. தாய்க்கு உதிரப்போக்கு அதிகமானாலோ, காய்ச்சல், கடுந்தலைவலி, ஒரு காலில்மட்டும் வலியுடன் வீக்கம் இவற்றில் ஏதேனும் கண்டாலோ அப்படியே. இரவு நேரமாயிருக்கிறதே என்று விடியும்வரை பொறுப்பது பலர் செய்யும் தவறு. 108 இரவிலும் வரும்.

பெயர் வைப்பது பற்றிய சண்டை சாவகாசமாக நடக்கலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டுமே தவிர, பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்க ஒரு வருஷம் வரை அவகாசம் உண்டு. இரண்டு பாட்டிகளும் சமாதானமாக அது போதுமான காலம் என்றே நம்புகிறோம்.

ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசிகள் வருகின்றன. பிறந்தவுடன் போட்ட காசநோய், போலியோ, மஞ்சள் காமாலைத் தடுப்பு மருந்துகளுக்குப் பிறகு வரும் தவணை இது. பூவிருந்தவல்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கோ அன்று குடும்பத்தோடு போவார்கள். குழந்தையை நிறுப்பார்கள், அளப்பார்கள், ஊசி போட்டு அட்டையில் குறிப்பார்கள். அதே நாளில், அதே இடத்தில், தாயின் தையல், ரத்த அழுத்தம், ரத்தசோகை, தூக்கம், மனம் இவற்றையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் கணவன் கேட்கவேண்டும். வரிசை நீளமாயிருக்கிறதென்று குழந்தைக்கு ஊசி போட்டவுடன் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட வேண்டாம்.