பெயின்ட் அடிச்ச கியர் பாக்ஸ் வேண்டாமே!

அப்பாவோட அம்பாசிடருக்குப் பழைய கியர் பாக்ஸ் தேடும் மக்களே, ஒரு நிமிஷம். அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்னாச்சு. இனி கிடைப்பது பெரும்பாலும் யாரோ கழட்டிப் போட்டதுதான். சென்னை புதுப்பேட்டையோ இங்கே மட்டாஞ்சேரியோ, 'ரீகண்டிஷன் பண்ணது சார்' என்று பளபளன்னு காட்டுவதைவிட, அழுக்கோடு கிடக்கும் பிரிக்காத பெட்டியே மேல். இது என் கட்சி.

காரணம், அழுக்கு பொய் சொல்லாது. டிரெயின் பிளக்கைக் கழட்டி ஆயிலைப் பாருங்க. பித்தளைப் பொடி மின்னினால் சின்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்கு, மாத்திக்கலாம். இரும்புச் சில்லு வந்தால் பல் உடைஞ்சிருக்கு. அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க. பால் மாதிரி இருந்தால் தண்ணி புகுந்திருக்கு. ஜூன் மழையும் காயல் காத்தும் உள்ள இந்த ஊரில் பேரிங் துருப்பிடிக்க அதுவே போதும்.

இன்னொண்ணு. பழைய 1489 சிசி வண்டியில் முதல் கியருக்குச் சின்க்ரோவே கிடையாது. வண்டி நிற்கும் முன்னே போட்டால் கரகரக்கத்தான் செய்யும். அதுக்காகப் பெட்டியையே மாத்தச் சொன்னால் நம்பாதீங்க.

வாங்கும்போது மிச்சம் பிடிச்ச காசில் பேரிங், சின்க்ரோ ரிங், ஆயில் சீல் மூணும் புதுசாப் போடுங்க. பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்க. வெளிநாட்டில் இருந்தால் பணம் அனுப்பும் முன்னே, பிரிச்ச பெட்டியின் போட்டோவைக் கேளுங்க. வெளியே அடிச்ச பெயின்டுக்கு எதுக்குங்க காசு?