செக்ரோலில் எழுதாத கூலி

மலாக்கா மாநிலத்தின் தமிழ்ச் சபைகளில் அடிக்கடி ஒலிக்கும் பிரசங்கம் ஒன்று உண்டு. உழைத்தவனைக் கர்த்தர் உயர்த்துவார். உயராதவன் உழைப்பிலோ ஜெபத்திலோ குறை வைத்தவன். இதன் முதல் பாதியை எச்சரிக்கையோடு ஏற்கலாம். இரண்டாம் பாதி சுவிசேஷத்தில் இல்லாதது என்பதை, இறையியல் கற்பிக்கும் பொறுப்போடு சொல்கிறேன்.

நம் மண்ணின் வரலாறே அதை மறுக்கிறது. 1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் கித்தாவை, அதாவது ரப்பரை, வணிகப் பயிராக நட்டார். அடுத்து புக்கிட் அசஹான். அந்தத் தொழில் பரவியபின் கப்பலேறி வந்த தமிழர்கள் இருட்டோடு பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் பதிந்து, தங்கள் மரவரிசையான நிரைக்குப் போனார்கள். குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பட்டை மழையில் நனைந்தாலோ பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மங்கு என்னும் கிண்ணத்துக்கு வராமலே போகும். அன்று வெட்டு இல்லை. நாள்கூலிக்காரருக்கு வருமானமும் இல்லை. அவர்கள் எழுந்ததில் குறையா, உளி தீட்டியதில் குறையா? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பிறகு கித்தாவை அழித்து, குறைந்த ஆட்களே போதுமான செம்பனையை நட்டார்கள். லயத்தை விட்டு ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் நகர்ந்த குடும்பங்களில் பல, ஆயுள் முழுதும் உழைத்தும் சொந்தக் கூரை இல்லாமல் வந்தவை. அப்படி வந்த ஒரு பாட்டி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரசங்கத்தைக் கேட்டால், உழைப்பில் குறை என்று தோட்டத்துத் தண்டல் (மேற்பார்வையாளர்) சொன்னதையே தேவனும் சொல்கிறார் என்றுதானே நினைப்பார்?

உழைப்பைப் போதித்தவர்கள் செய்த நன்மையை மறுப்பது நியாயமாகாது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்த காலத்தில், குடியை விடு, சேமி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று சொன்ன போதகர்களால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. மெதடிஸ்டுகளின் முன்னோடியான ஜான் வெஸ்லியும் நேர்மையாகச் சம்பாதிக்கவும் சேமிக்கவும் கொடுக்கவும் சொன்னவர்தான். ஆனால் மனிதன் தேவனைத் தேடும் முன்பே கிருபை அவனிடம் வந்துவிடுகிறது என்பதும் அவருடைய அடிப்படைப் போதனை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், மனித முயற்சியே மீட்புக்குப் போதும் என்ற பெலாகியுசின் பக்கம் சாய்ந்துவிடுவோம். அந்தப் போதனையைக் கார்த்தேஜ் சங்கம் 418லேயே நிராகரித்தது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையை, பெரட்டில் நின்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் யார்? மாலை ஐந்து மணிவாக்கில் வந்தவனுக்கும் விடியலில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம். காலையில் வந்தவர்களின் முணுமுணுப்பில் எனக்கு அனுதாபம் உண்டு. வெயிலைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். ஆனால் கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். யாரும் வேலைக்கு அழைக்காததால் சந்தையில் நின்றவர்கள். அவர்கள் வீட்டிலும் அன்றிரவு உலை கொதிக்க வேண்டும். அந்த எஜமான் பார்த்தது அதைத்தான்.

அப்படியானால் உழைப்பது எதற்கு? மற்ற அப்போஸ்தலர்களைவிடத் தாமே அதிகம் பாடுபட்டதாகச் சொல்லும் பவுல், அதே மூச்சில் அந்த உழைப்பையும் கிருபையின் கணக்கில் எழுதுகிறார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பால் வெட்டுகிறவர் பட்டையை மெல்லியதாகச் சீவாவிட்டால் பால் வராது. ஆனாலும் பாலை உண்டாக்குவது மரம். பேராசையில் ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். விசுவாச வாழ்வின் விடாமுயற்சியும் அத்தகையதே. நாள் தவறாமல் போக வேண்டும். பலனைக் கசக்கிப் பிழிய முடியாது.

கிருபையைப் பேசிப் பேசி அநியாயத்தைச் சகிக்க வைத்துவிடுவீர்கள் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை தேவையானது. கூலிக்காகவும் வீட்டுக்காகவும் போராடுகிறவரிடம் பொறுமையை மட்டும் போதிப்பது கிருபையை மலிவாக்குவதாகும். தகுதி பாராமல் நேசிக்கப்பட்டவன் என்று தன்னை அறிந்தவன், அடுத்தவனின் தகுதியை அளக்காமல் அவனுடைய உரிமைக்காக நிற்க வேண்டும்.

நம் சபைகளின் சாட்சி நேரத்தில், மகன் டாக்டரானதைச் சொல்ல எழுபவருக்கு இடம் இருக்கிறது. அது நல்லது. வேலை போனவரும், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளையின் தாயும் அதே ஒலிபெருக்கி முன் வெட்கமில்லாமல் நின்று நன்றி சொல்ல முடிகிறதா என்று போதகர்களும் மூப்பர்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே கவனிக்க வேண்டும்.