முதலில் அட்டவணை, பிறகு சூத்திரம்

அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆஸ்பத்திரிகளில், வைத்தியர்களும் இறுதியாண்டு மாணவர்களுமாக 60 பேரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும், அதற்கு அவர்கள் அளித்த விடைகளும் 1978ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாக வெளிவந்தன. ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒரு வியாதி. அதைக் கண்டறியும் சோதனையோ, வியாதி இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐவருக்கு ‘உண்டு’ என்று பிழையாகச் சொல்லும். அப்படியானால், வேறு அறிகுறி எதுவும் தெரியாத ஒருவருக்குச் சோதனை ‘உண்டு’ என்று சொல்லும்போது, அவருக்கு மெய்யாகவே அவ்வியாதி இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்பதே கேள்வி. ஏறக்குறையப் பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை ஏறத்தாழ 2 சதவீதம். அதைச் சொன்னவர்கள் 11 பேர்.

அவர்கள் படிப்பில் சோடை போனவர்கள் அல்லர். பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கும் தொழிலில் இருந்தவர்கள், அல்லது அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். அத்தகையோரையே இக்கேள்வி இடறிவிட்டது என்றால், குற்றம் அவர்களுடைய புத்தியில் இல்லை. ஒன்று தெரிந்திருக்கையில் மற்றொன்றுக்கு உள்ள வாய்ப்பாகிய நிபந்தனை நிகழ்தகவு என்ற விஷயத்தைச் சதவீதங்களாலும் சூத்திரங்களாலும் மட்டுமே போதித்து வருகிற கல்வி முறையில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். சதவீதம், தான் எந்தக் கூட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தன்னுள் மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. நோயற்றவர்களில் 5 சதவீதத்தினர் விஷயத்தில் சோதனை பிழைபடுகிறது என்பதும், சோதனை ‘உண்டு’ என்றவர்களில் 5 சதவீதத்தினர் விஷயத்தில் அது பிழைபடுகிறது என்பதும் செவிக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும், முன்னதன் ஆதாரக் கூட்டம் வேறு, பின்னதன் ஆதாரக் கூட்டம் வேறு. 95 என்று விடை சொன்னவர்கள் முன்னதையே பின்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

இதே கணக்கை இருவழி அட்டவணையில் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளில் இரண்டு நிரைகளும் இரண்டு நிரல்களும் வரைந்து, மேல் நிரைக்கு ‘நோயுள்ளோர்’, கீழ் நிரைக்கு ‘நோயற்றோர்’ என்றும், இடது நிரலுக்குச் ‘சோதனை உண்டு என்றது’, வலது நிரலுக்கு ‘இல்லை என்றது’ என்றும் பெயரிட்டு, ஓரங்களில் கூட்டுத்தொகைக்கு இடம் விட்டு, மொத்தம் 1,000 பேர் என்று தொடங்குவோம். மேல் நிரையில் ஒருவர்; நோயுள்ளவரைச் சோதனை தவறவிடாது என்று வைத்துக்கொண்டால், அவர் இடது கட்டத்துக்கு வருகிறார், வலது கட்டம் பூஜ்யம். கீழ் நிரையில் 999 பேர். அவர்களில் 5 சதவீதமான ஏறக்குறைய 50 பேர் இடது கட்டத்திலும், எஞ்சிய 949 பேர் வலது கட்டத்திலும் அடங்குவர். இனி இடது நிரலை மேலிருந்து கீழாகக் கூட்டினால் 51. ‘உண்டு’ என்ற சொல்லைக் கேட்டு நெஞ்சு பதறுகிற அந்த 51 பேரில் மெய்யாகவே நோயுள்ளவர் ஒரே ஒருவர். அதுவே ஏறத்தாழ 2 சதவீதம். நிபந்தனை என்பது, ஆயிரம் பேரையும் விட்டுவிட்டு அந்த ஒரு நிரலுக்குள் மட்டும் நம் கணக்கை நிறுத்திக்கொள்வதே என்னும் தத்துவம் இங்கே கண்ணுக்குப் பிரத்தியட்சமாகிறது.

அட்டவணையின் பிரயோஜனம் இதனோடு முடிவதில்லை. நோயின் அறிகுறிகளோடு வைத்தியரை நாடி வருவோரில், ஆயிரத்துக்கு 100 பேருக்கு அந்நோய் இருப்பதாகக் கொள்வோம். இப்போது மேல் நிரையில் 100. கீழ் நிரையின் 900 பேரில் பிழையாக ‘உண்டு’ என்று சொல்லப்படுவோர் 45. இடது நிரலின் கூட்டுத்தொகை 145. ‘உண்டு’ என்ற அதே சொல்லுக்கு இப்போது ஏறக்குறைய 69 சதவீத மதிப்பு வந்துவிடுகிறது. சோதனை மாறவில்லை, சோதிக்கப்பட்ட கூட்டம் மாறிற்று.

லீடா காஸ்மிடிஸ், ஜான் டூபி என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஹார்வர்டில் கேட்கப்பட்ட அதே கேள்வியை ‘ஆயிரம் பேரில் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கைகளாக மாற்றிக் கேட்டபோது, சரியான விடை கண்டவர்கள் ஏறத்தாழ நான்கில் மூவர் என்ற அளவுக்கு உயர்ந்தார்கள் என்பது 1996ல் வெளியான அவர்களது கட்டுரையால் தெரிகிறது. எண்ணிக்கையாகச் சொன்னால் விளங்குகிறது. இருவழி அட்டவணை செய்வதும் அதைத்தான்.

அட்டவணை சிறுவர்களுக்கான ஊன்றுகோல், நிபந்தனை நிகழ்தகவைக் கணக்கிடும் பேயீஸ் தேற்றமே கணிதம் என்று வாதிப்போர் உண்டு. தாமஸ் பேயீஸ் மறைந்தபின் 1763ல் அச்சேறிய கட்டுரையிலிருந்து கிளைத்த தேற்றத்தின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. நிகழ்ச்சிகள் பலவாகப் பெருகும் இடத்தில் நாலு கட்டங்கள் போதா என்பதும் உண்மையே. ஆனால் அத்தேற்றத்தின் தொகுதியில் நிற்பது அட்டவணையின் ஒரு கட்டம், பகுதியில் நிற்பது ஒரு நிரலின் கூட்டுத்தொகை என்பதை அறிந்த மாணவன் சூத்திரத்தை மறந்தாலும் மீண்டும் தானே வருவித்துக்கொள்வான். அறியாதவனோ, மனப்பாடம் செய்த சூத்திரத்தில் எந்த எண்ணை எங்கே இடுவது என்று பரீட்சை மண்டபத்தில் திகைத்து நிற்பான்.

ஆகவே, மேல்நிலைப் பள்ளியில் பேயீஸ் தேற்றத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னர், ஆயிரம் பேரை நாலு கட்டங்களில் பங்கிட்டுக் காட்டும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். பாடநூல்களும் அந்த வரிசையிலேயே அமைய வேண்டும். கணிதத்தைத் தொழிலாகக் கொள்வோர் சிலரே; சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் நாளோ எல்லோருக்கும் வரும். அன்று வைத்தியரிடம், ‘என்னைப் போல் உண்டு என்று சொல்லப்பட்டவர்களில் மெய்யாகவே நோயுள்ளவர்கள் எத்தனை பேர்?’ என்று கேட்கத் தெரிந்த பிரஜையை உருவாக்குவது பள்ளிக்கூடத்தின் கடமை.