துறவியரும் காய்ச்சுகிறார்களே!

சென்ற பாஸ்கு காலத்தில் ஒரு புதுநன்மை விருந்துக்குச் சென்றிருந்தேன். பந்தி முடிந்தபின் வீட்டின் பின்புறத்தில் சில நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஐரோப்பாவில் பணியாற்றி விடுமுறைக்கு வந்திருந்த அவ்வீட்டு இளைஞர், பெட்டியிலிருந்து ஒரு பீர்ப் புட்டியை எடுத்து வந்து என் முன் வைத்தார். "ஃபாதர், இது சாதாரணச் சரக்கு அல்ல, பெல்ஜியத்தில் துறவிகள் மடத்துக்குள்ளேயே காய்ச்சியது. துறவியரே காய்ச்சுகிறார்களே! நீங்கள் மட்டும் ஏன் மறையுரையில் குடியைக் கண்டிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அருகில் அமர்ந்திருந்த முதிய உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யார் காய்ச்சினால் என்ன சாமி, சாத்தானின் தண்ணீர்தானே!" என்றார்.

விருந்து வீட்டில் வாதிடுவது அழகன்று என்று நான் அன்று வாளாவிருந்தேன். ஆனால் இவ்விரு குரல்களையும் நம் இறைமக்களிடையே அடிக்கடி கேட்க நேர்கிறது. இரண்டுமே தவறானவை. ஒருவர் படைப்பையே பழிக்கிறார். மற்றவர் பாதியைக் கண்டுவிட்டு முழுவதையும் கண்டதாக நினைக்கிறார். அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே சொல்ல விழைகிறேன்.

முதலில் உபதேசியாருக்கு. பருப்பொருள் தீயது, உடல் அடையும் இன்பம் தீயது என்பது திருச்சபையின் போதனை அன்று. அது மனிக்கேயரின் கொள்கை. புனித அகுஸ்தினார் உதறித் தள்ளிய கொள்கை. ஆண்டவர் தம் முதல் அரும் அடையாளத்தை ஒரு திருமண வீட்டில், ஆறு கற்சாடிகள் நிறையத் திராட்சை இரசம் தந்து நிகழ்த்தினார். சீராக்கின் ஞானநூல் 31 ஆம் அதிகாரம் அளவோடு அருந்தும் இரசத்தை மகிழ்ச்சி என்கிறது; அளவை மீறிய இரசத்தைக் கசப்பு என்கிறது. தெரிந்தே மதிமயங்கக் குடிப்பது சாவான பாவம் என்று கற்பித்த புனித தாமஸ் அக்குவினாஸ், இரசம் அருந்துவது தன்னளவில் குற்றமன்று என்றும் கற்பித்தார். அறிவின் ஒழுங்குக்கு மாறாக இன்பத்தை வெறுத்து ஒதுக்குவதையும் அவர் ஒரு குறையாகவே எண்ணினார்.

பீரைப் பற்றித் தனியாகவும் சொல்ல இடமுண்டு. பழைய உரோமைச் சடங்கு நூலில் பீரை மந்திரிப்பதற்கென்றே ஒரு செபம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகம் ஏறத்தாழ 820-ஐ ஒட்டி வரையப்பட்ட ஒரு துறவு மடத்தின் வரைபடத்தைக் காத்து வருகிறது. அதில் மூன்று பீர்க் காய்ச்சும் கூடங்கள் காட்டப்பட்டுள்ளன: துறவியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, திருப்பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒன்று. 2012 இல் மறைவல்லுநராக உயர்த்தப்பட்ட புனித ஹில்டகார்டு, ஹாப்ஸ் பூவின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று 12 ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். இவர்களையெல்லாம் சாத்தானின் பணியாளர் என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

இனி அந்த இளைஞருக்கு. அவருடைய மகிழ்ச்சியை நான் அறியாதவன் அல்லேன். லூவெய்னில் இறையியல் பயின்ற காலத்தில், 2013 ஆம் ஆண்டு ஏப்ரலில், உடன் பயின்ற நண்பர் ஒருவர் அந்நகரில் நடந்த பீர் விழாவுக்கு என்னை அழைத்துச் சென்றார். வாயிலில் ஒரு சிறு கண்ணாடிக் குவளையும் சில வில்லைகளும் தந்தார்கள். ஒரு வில்லைக்கு ஒரு குவளை. பெரிய மண்டபம் முழுதும் நீண்ட மேசைகள். மேசைக்குப் பின்னால், காய்ச்சியவர்களே நின்று ஊற்றினார்கள். இதில் என்ன மணம் தெரிகிறது, எந்தத் தானியம், எத்தனை மாதம் பீப்பாயில் இருந்தது என்று கேட்டவர்க்கெல்லாம் பொறுமையோடு விளக்கினார்கள். நம் ஊர்க் கடையில் தலையைக் குனிந்து வாங்கி, நின்றபடியே விழுங்கி, சுவடு தெரியாமல் நழுவும் குடியையே கண்டிருந்த எனக்கு அது பெரும் வியப்பாக இருந்தது.

அங்கேதான் லாம்பிக் என்ற பீரைப் பற்றி அறிந்தேன். பிரசல்ஸை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதைக் குளிர்காலத்தில் காய்ச்சுகிறார்கள். கொதித்த தானியச் சாற்றைத் திறந்த அகலத் தொட்டியில் இரவு முழுதும் ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் எதையும் அவர்கள் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்து மரத்திலும் வாழும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்கச் செய்கின்றன. பின்னர் மரப்பீப்பாயில் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று காத்திருக்கிறார்கள். மனிதன் தன் வேலையைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய தொழில் இது. பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016 இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது பொருத்தமே.

ஆனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்று நான் அருந்திய முதல் மூன்று குவளைகளின் சுவையும், அவற்றை ஊற்றியவர்களின் முகமும் இன்றும் நினைவில் இருக்கின்றன. ஐந்தாவது குவளையின் பெயர்கூட நினைவில் இல்லை. வில்லை மீதியிருக்கிறதே என்பதற்காக வாங்கியது அது. அளவு முடிந்த இடத்தில் அறிதலும் முடிந்துவிட்டது. அதற்கு விழாவைக் குறை சொல்ல முடியாது, குறை என்னுடையது.

அந்தக் கோடையில் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியிலுள்ள வெஸ்ட்ஃப்ளேட்டரன் சிற்றூருக்குச் சென்றேன். அங்கே புனித சிக்ஸ்துஸ் மடத்து டிராப்பிஸ்ட் துறவியர் 1839 முதல் பீர் காய்ச்சி வருகின்றனர். 2005 இல் சுவைஞர்கள் பலர் சேர்ந்து அவர்களுடைய ஒரு பீரை உலகிலேயே சிறந்தது என்று மதிப்பிட்டார்கள். உடனே மடத்து வாயிலில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. வேறு எவரும் இந்த வாய்ப்பில் பத்து மடங்கு காய்ச்சியிருப்பார்கள். துறவியரோ உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 6,000 ஹெக்டோலிட்டர், அதாவது 6 இலட்சம் லிட்டர் அளவிலேயே நின்றுகொண்டார்கள். மடத்தை நடத்த அது போதும். அதற்கு மேல் காய்ச்சினால் செப நேரம் குறையும். அன்று அவர்களுடைய புட்டிகளில் பெயர்த்தாள்கூடக் கிடையாது. மூடியின் நிறமே அடையாளம்.

இதன் வேர் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நூலில் இருக்கிறது. துறவியர் தங்கள் கை உழைப்பால் வாழ வேண்டும் என்கிறது அந்நூலின் 48 ஆம் அதிகாரம். மடத்தில் செய்த பொருளை விற்கும்போது பேராசை புகாதிருக்க, வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்கிறது 57 ஆம் அதிகாரம். 2018 இல் நெதர்லாந்தின் பேரங்காடி ஒன்று, மடம் 2 யூரோவுக்கும் குறைவாகக் கொடுத்த புட்டியை அனுமதியின்றித் திரட்டி, ஏறத்தாழ 10 யூரோவுக்கு விற்றது. துறவியர் வருந்தினார்கள். தங்களுக்கு வரவேண்டிய இலாபம் போயிற்றே என்று அவர்கள் வருந்தவில்லை. தங்கள் பெயரால் பேராசை விற்கப்பட்டதே என்றுதான் வருந்தினார்கள். உலகம் வியக்கும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கும் வணிகரை நாம் எங்கே காண்போம்?

இளைஞர் பெருமையோடு காட்டிய புட்டியில் அறுகோண முத்திரை ஒன்று இருந்தது. 1997 இல் டிராப்பிஸ்ட் மடங்கள் கூடி நிறுவிய பன்னாட்டுச் சங்கம் அளிக்கும் முத்திரை அது. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பீர் மடத்தின் மதில்களுக்குள், துறவியராலோ அவர்களது மேற்பார்வையிலோ காய்ச்சப்பட வேண்டும். அத்தொழில் துறவு வாழ்வுக்கு அடுத்த இடத்திலேயே இருக்க வேண்டும். வருவாய் மடத்தின் தேவைகளுக்குப் போக எஞ்சியது அறப்பணிக்குச் செல்ல வேண்டும். "துறவியரும் காய்ச்சுகிறார்களே" என்று சொல்பவர்கள் இம்மூன்றையும் சேர்த்துச் சொல்வதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: பீர் முதலிடம் பெறாத இடத்தில்தான் அந்த நல்ல பீர் பிறந்தது.

முதலிடம் பெற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஐரோப்பாவே சான்று. மியூனிக் நகரில் பவுலா நகர்ப் புனித பிரான்சிஸின் மினிம் சபைத் துறவியர் 1634 ஆம் ஆண்டளவில் பீர் காய்ச்சியதற்குச் சான்று உள்ளது. இறைச்சி, முட்டை, பால் எதையும் ஆண்டு முழுதும் உண்பதில்லை என்ற கடும் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய செறிவான பீர், நோன்பு நாளில் உடலைத் தாங்கும் உணவாயிற்று. 1799 இல் மடம் கலைக்கப்பட்டது; பீர் மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று அது 'சால்வாட்டோர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அச்சொல்லுக்கு மீட்பர் என்று பொருள். இப்போதும் தவக்காலத்தில்தான் அங்கே செறிபீர் விழா நடக்கிறது. நோன்புக்குத் துணையாக வந்தது, நோன்பு நாட்களிலேயே களியாட்டமாக மாறிவிட்டது. துறவியர் போனார்கள், நோன்பு போயிற்று, மீட்பரின் பெயர் புட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

அதே நகரின் அக்டோபர் விழாவை எல்லாரும் அறிவர். 1810 அக்டோபரில் பவேரிய இளவரசர் லூயிக்கும் தெரேசாவுக்கும் நடந்த திருமணத்தை ஒட்டிய குதிரைப் பந்தயமாக அது தொடங்கியது. 2023 இல் 18 நாட்களில் சுமார் 72 இலட்சம் பேர் வந்து, சுமார் 65 இலட்சம் லிட்டர் பீர் அருந்தினார்கள். வெஸ்ட்ஃப்ளேட்டரன் துறவியர் பத்து ஆண்டுகளுக்கு மேல் காய்ச்ச வேண்டிய அளவு அது. அங்கும் நல்லது உண்டு. ஊர் ஊராகச் சுற்றி இராட்டினம் சுழற்றிப் பிழைக்கும் குடும்பங்களுக்காக விழாக் கூடாரத்திலேயே திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. பிரசல்ஸிலும் செப்டம்பர் மாதப் பீர் விழா, காய்ச்சுவோரின் பாதுகாவலரான புனித அர்னோல்டின் நினைவோடு பேராலயத்தில் பீப்பாய் ஒன்றை மந்திரித்துத் தொடங்குகிறது. ஆகவே விழாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றி கூறத் தொடங்கிய விழா, எத்தனை லிட்டர் என்று எண்ணிப் பெருமைப்படும் விழாவாக ஆவதையே மறுக்கிறேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது என்னை வருத்துகிறது. பெல்ஜியத்தின் ஆஹெல் மடத்திலிருந்து கடைசித் துறவியர் வெளியேறியதால், 2021 இல் அதன் பீர் அந்த முத்திரையை இழந்தது. 2023 இல் அது தனியார் கைக்குப் போயிற்று. பீரை அருந்தக் கூட்டம் இருந்தது. அதைக் காய்ச்சும் மடத்தில் செபிக்க ஆள் இல்லை. அமெரிக்காவில் ஸ்பென்சர் நகர்த் துறவியரோ, காய்ச்சும் தொழில் தங்களுக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு 2022 இல் அதை நிறுத்திவிட்டார்கள். அங்கே பீர் போயிற்று, மடம் இருக்கிறது. எது முதலில், எது அடுத்து என்பதை அவர்கள் மறக்கவில்லை. புட்டிகளைச் சேர்த்து அடுக்கும் நம் இளைஞர்களில் எத்தனை பேர், ஐரோப்பாவில் இருந்தபோது ஒரு நாளாவது அந்த மடங்களின் மாலைச் செபத்தில் போய் நின்றார்கள்?

மீண்டும் உபதேசியாரிடம் வருகிறேன். அவருடைய தமையனார் குடியால் செத்தவர். அண்ணியாரும் மூன்று பிள்ளைகளும் தெருவுக்கு வந்ததை அவர் கண்ணால் கண்டவர். அவர் சொன்ன சொல் தவறு. அச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் துயரம் தவறன்று. தன் உணவினால் சகோதரன் இடறுவான் என்றால் அந்த உணவே வேண்டாம் என்பது புனித பவுல் அடிகளார் காட்டும் வழி. ஆசீர்வாதப்பரும் துறவியருக்கு இரசத்தின் அளவைக் குறித்துக் கொடுத்துவிட்டு, முற்றிலும் விலகி நிற்கும் வரம் பெற்றவர்களுக்கு அதற்கேற்ற கைம்மாறு உண்டு என்று சேர்த்தே எழுதினார். முதல் குவளையே படுகுழியின் வாயிலாக இருப்பவர் நம்மிடையே பலர். அவர்களுக்கு அளவு என்பது சுழியம்தான். அவர்கள் நடுவே அமர்ந்து மடத்துப் பீரின் மணத்தை வருணிப்பது அன்பன்று. அந்தப் புட்டியை நான் அன்று திறக்கவிடாததற்கு இதுவே காரணம்.

ஆகவே, துறவியரை மேற்கோள் காட்டும் அன்பர்களே, அந்த முத்திரையின் மூன்று நிபந்தனைகளையும் உங்கள் வீட்டு விருந்துக்கு வைத்துப் பாருங்கள். மதிலுக்குள் என்றால், மனைவி மக்கள் காண, அவர்கள் முன் வெட்கப்பட வேண்டாத நிலையில் என்று பொருள்; வீட்டின் பின்புறத்து இருட்டில் அன்று. அடுத்த இடம் என்றால், திருமணமோ புதுநன்மையோ எதற்காகக் கூடினீர்களோ அதுவே முதலில் நிற்க வேண்டும் என்று பொருள். எஞ்சியது ஏழைக்கு என்றால், விருந்துக்குச் செலவிட்டவர் விருந்துக்கு அழைக்கப்படாதவரையும் நினைக்க வேண்டும் என்று பொருள். இம்மூன்றும் உங்கள் மேசையில் இருந்தால், அடுத்த முறை துறவியரின் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால், அவர்களை உங்கள் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

புதுநன்மை வாங்கிய அந்தச் சிறுமி, நாங்கள் பின்புறத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வெண்ணிற ஆடையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைய விருந்து யாருக்காக வைக்கப்பட்டது என்பதை அந்தப் புட்டி எங்கள் எல்லாரையும் மறக்கச் செய்துவிட்டது. நானும் அவர்களில் ஒருவன்.