மரபுரிமை அமைப்புகளின் கணக்கில் நாம் பார்க்க மறப்பது

பழைய கிதாபுகள், அரபுத் தமிழ் கையெழுத்துப் பிரதிகள், காணி உறுதிகள், பாட்டன் காலத்துப் புழங்கு பொருட்கள் என்று தேடிச் சேர்த்துப் பாதுகாக்கும் சிறு அமைப்புகள் நமது ஊர்களில் இயங்குகின்றன. கூரகல ஜெய்லானி விவகாரத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. இந்நாட்டில் நமது இருப்பைக் கேள்விக்குட்படுத்துபவர்களுக்கு மேடைப் பேச்சு பதிலாகாது, ஆவணம்தான் பதில்.

ஆனால் இவ்வமைப்புகளிடம் கணக்கு கேட்டால் உடனே வரும் பதில், "எங்கள் மீது நம்பிக்கை இல்லையா?" என்பதுதான். கேட்பவரும் சங்கடப்பட்டு ஒதுங்கிவிடுகிறார். இரு தரப்பும் விடயத்தை நேர்மைப் பிரச்சினையாகவே பார்க்கின்றன. சிறு மரபுரிமை அமைப்பொன்றில் களவு போவதற்கு அப்படியொன்றும் பெரிய பணம் இருப்பதில்லை. பெறுமதியானது அலுமாரிக்குள் இருக்கிறது. அது ஐந்தொகையில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

அந்தக் கிதாபு யாருடையது? கொடுத்தவர் அன்பளிப்பாகக் கொடுத்தாரா, வக்பு செய்தாரா, பார்வைக்கு வைக்க இரவலாகத் தந்தாரா? பல இடங்களில் பற்றுச்சீட்டும் இல்லை, பதிவேடும் இல்லை. ஸ்தாபகரின் வீட்டு முன்னறையே நூதனசாலை. அவர் வபாத்தானால், எழுத்தில் வேறுவிதமாக நிரூபிக்க முடியாத எதுவும் அவரது சொத்தாகவே கருதப்படும் அபாயம் உண்டு. அப்போது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைச் சட்டப்படி அது வாரிசுகளுக்குப் பங்காகும். பிள்ளைகள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. வீடு பிரிபடும்போது அலுமாரியும் பிரிபடும், அவ்வளவுதான்.

ஆகவே பதிவு எந்தச் சட்டத்தின் கீழ் என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. வக்பாகப் பதிவானால் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் வக்பு சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டும், பிணக்கு வந்தால் வக்பு நியாய சபை இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தால் பணிப்பாளர்கள் யாரென்பது பதிவாளரிடம் இருக்கும். இரண்டிலும் குறைகள் உண்டு. வக்பு சபையின் தாமதம் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனாலும் தலைவர், பொருளாளர், பொருட்களின் காப்பாளர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும் ஏற்பாட்டை விட எதுவும் மேல்.

வரவு செலவுக்கு வருவோம். கட்டடம் என்றால் நமது தனவந்தர்கள் தாராளமாகத் தருவார்கள், வாசலில் பெயர்ப் பலகை வைக்கலாமே! மின்சாரக் கட்டணத்துக்குப் பெயர்ப் பலகை இல்லை. கரையோர ஊர்களின் ஈரப்பதத்தில் பழைய காகிதத்துக்குத் தொடர்ந்த பராமரிப்பு வேண்டும். கறையான் மருந்து, அமிலமற்ற உறைகள், பொருட்களைக் கவனிக்க ஒரு சம்பளக்காரர் ஆகியவை மாதாமாதச் செலவுகள். கணக்கறிக்கையில் திறப்பு விழாச் செலவு பெரிதாகவும் பராமரிப்புச் செலவு பூச்சியமாகவும் இருந்தால், அங்கே எவரும் களவெடுக்காமலேயே பிரதிகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மறுபுறம், வங்கியில் ஒரு வருடச் செலவுக்கான பணம் ஒதுக்கமாக இருப்பதைக் கண்டு "பணத்தைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள்" என்று முகநூலில் எழுதுவதும் அறியாமை. அந்த ஒதுக்கம் இல்லாத அமைப்பைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று: ஸகாத் பணம் இதற்குரியதல்ல என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. றமழானில் வசூலிப்பவர்கள் ஸகாத்தையும் ஸதகாவையும் ஒரே வங்கிக் கணக்கில் போடுவார்களாயின், அது பிக்ஹுப் பிரச்சினையாக இருக்கும் அளவுக்கு நிர்வாகப் பிரச்சினையும்தான்.

சிறியவர்களால் இதெல்லாம் முடியாது என்று சொல்ல வேண்டாம். 2005இல் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் திட்டம், இன்று முஸ்லிம்களின் வெளியீடுகள் உட்பட இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. அதன் ஆண்டறிக்கைகளை எவரும் வாசிக்கலாம்.

அடுத்த முறை நன்கொடை கேட்டு வருபவரிடம் மூன்றைக் கேளுங்கள்: பொருட்களின் பதிவேட்டுப் பிரதி, வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் இருவரின் பெயர்கள், கடந்த வருடம் பராமரிப்புக்குச் செலவான தொகை. பதிவேடு இல்லையென்றால் முதல் நன்கொடையை அதைத் தயாரிப்பதற்கென்றே, எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். ஒரு கொப்பியும், கணினி தெரிந்த இரண்டு உயர்தர மாணவர்களும், ஒரு பாடசாலை விடுமுறையும் அதற்குப் போதும்.