ஒரு தடித்த கோடும் சில தீர்மானங்களும்

மேற்கத்திய இசைக்குறிகளை எழுத உதவும் கணினி மென்பொருள்களைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவது சற்றே விலகிய காரியமாகத் தோன்றலாம். எழுதுபவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவை எழுதுகருவி அவரைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது என்பது என் குறை. அது எழுத்தில் அக்கறையுள்ள எவருக்கும் பொதுவான விஷயம் என்பதால் துணிகிறேன். இந்தக் குறையின் மையத்தில் இருப்பது ஒரு சிறிய தடித்த கோடு. பீம் என்று அதற்குப் பெயர்.

ஐந்து கோடுகளின் மேல் எழுதப்படும் ஸ்வரத்துக்கு ஒரு தலை உண்டு; தலையிலிருந்து மேலோ கீழோ செல்லும் ஒரு தண்டும் உண்டு. ஸ்வரம் குறுகியதானால் தண்டின் நுனியில் ஒரு கொடி சேரும். க்ராட்செட்டில் பாதி நீளமுள்ள க்வேவருக்கு ஒரு கொடி, அதிலும் பாதியான செமிக்வேவருக்கு இரண்டு. இத்தகைய ஸ்வரங்கள் அடுத்தடுத்து வரும்போது கொடிகளை நீக்கிவிட்டுத் தண்டுகளின் நுனிகளைத் தடித்த கோட்டால் சேர்த்துவிடுவார்கள். அதுவே பீம். கர்நாடக இசைப் புத்தகங்களில் இரண்டாம் காலத்துக்கு ஸ்வரங்களின் மேல் ஒரு கோடும் மூன்றாம் காலத்துக்கு இரண்டு கோடுகளும் இழுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் முறையில் மேற்கோடு வேகத்தைச் சொல்கிறது. தாளத்தின் அங்கங்களைப் பிரித்துக்காட்டச் செங்குத்துக் கோடுகள் தனியே இருக்கின்றன. மேற்கத்திய முறையிலும் பார்கோடு என்ற செங்குத்துக் கோடு இருக்கிறது. எனினும் இரண்டு பார்கோடுகளுக்கு நடுவே எந்தெந்த ஸ்வரங்கள் ஒரு கொத்து என்று அறிவிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பீமையே சேர்கிறது.

இந்தப் பொறுப்பின் எடையை அறிய ஆறு க்வேவர்கள் போதும். அவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்து எழுதினால் 6/8: இரண்டு பெரிய தட்டுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 3/4: மூன்று தட்டுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு. ஸ்வரங்களும் அவற்றின் நீளமும் மாறவில்லை. மாறியது கோட்டின் இடம்தான். வயலின்காரரின் வில்லும் பியானோக்காரரின் விரலும் எங்கே அழுந்த வேண்டும் என்பது அதனால் மாறிவிடுகிறது. வாசிப்பவர் கண் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நாம் எழுத்துக் கூட்டிப் படிக்காமல் சொல்லைச் சொல்லாகப் பார்ப்பதைப் போலவே அவரும் கொத்தைக் கொத்தாகப் பார்க்கிறார்.

செய்யுள் பதிப்புகளோடு பழகியவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவில் தெரிந்ததுதான். ஒரு வெண்பாவைச் சீர் பிரித்து அச்சிடலாம். அப்போது சொற்கள் நடுவில் உடைந்தாலும் ஓசை கண்ணுக்குத் தெரியும். சந்தி பிரித்துச் சொல் சொல்லாக அச்சிடலாம். பொருள் உடனே விளங்கும், ஓசையை வாசகர் தாமே மீட்டெடுக்க வேண்டும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் கொண்டுவந்த பதிப்புகள் இரண்டாவது வழியைத் தேர்ந்தன. பழந்தமிழ் நூல்கள் பொதுவாசகரிடம் சென்று சேர அது எவ்வளவு உதவியது என்பதை நாமறிவோம். அந்தத் தேர்வு சரியா என்று வாதிடலாம். அது ஒரு தேர்வு, அதற்கு ஒரு பதிப்பாசிரியர் பொறுப்பேற்றிருந்தார் என்பதில் வாதமில்லை.

மேற்கத்திய வாய்ப்பாட்டிலும் இதே இரு வழிகள் இருக்கின்றன. பழைய மரபில் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்றால் ஒவ்வொரு ஸ்வரமும் தனிக் கொடியோடு நிற்கும். ஓர் அசையே பல ஸ்வரங்களில் நீளும்போதுதான் பீம் வரும். பாடுபவர் சொல்லைப் பின்தொடர இது வசதி. இருபதாம் நூற்றாண்டில் பலர் இதைக் கைவிட்டு, வாத்திய இசையைப் போலத் தாளத்தட்டின்படி பீம் போட்டு, அசை நீட்சியை வளைகோட்டால் காட்டத் தொடங்கினார்கள். தாளம் தெளிவானது, சொல் சற்றுப் பின்வாங்கியது. முன்னது சொல் பிரிப்பு, பின்னது சீர் பிரிப்பு என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. இரண்டில் எது என்பதைப் பாட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கருவி இந்த முடிவில் குறுக்கிடுவது புதிதல்ல. 1501இல் வெனிஸில் பெட்ரூச்சி அச்செழுத்துகளைக் கோத்துப் பல்குரல் இசையை அச்சிட்டபோது ஒவ்வொரு ஸ்வரமும் தனி அச்சு. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அச்சுக் கோத்து வந்த இசைநூல்கள் பெரும்பாலும் அப்படியே, கொடி பறக்கும் தனித்தனி ஸ்வரங்களாகவே இருந்தன. ஈய அச்சுகளைச் சேர்த்து நீண்ட சாய்கோடு உண்டாக்குவது எளிதல்ல. செப்புத்தகட்டில் செதுக்கும் முறை பரவியபோதுதான் கையெழுத்தில் இருந்த கொத்துகள் அச்சிலும் இயல்பாக வந்தன. தகட்டில் செதுக்கியவர் ஒவ்வொரு கோட்டையும் ஆலோசித்தே இழுத்தாக வேண்டும். தகட்டில் தவறை அழிப்பது பெரும்பாடு. அந்த ஆலோசனையை இப்போது மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதில் நல்லதும் உண்டு என்பதை மறைக்கலாகாது. பீமின் தடிமன் இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள வெளியில் பாதி; இரண்டு பீம்களுக்கு நடுவே அந்த வெளியில் கால் பங்கு; தண்டின் நீளம் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி. நடுக்கோட்டுக்கு மேலுள்ள ஸ்வரத்தின் தண்டு கீழ்நோக்கியும், கீழுள்ளதன் தண்டு மேல்நோக்கியும் செல்ல வேண்டும். பீம் சாயும்போது அதற்கும் ஐந்து கோடுகளுக்கும் இடையில் சிறு வெள்ளை முக்கோணங்கள் விழக்கூடாது, ஏனெனில் அச்சில் அவை மையால் அடைபட்டுவிடும். செதுக்குபவர்களின் இந்த நுணுக்கங்களை டெட் ராஸ் 1970இல் வெளியிட்ட நூலில் சாய்வுகளுக்கு அட்டவணையே போட்டிருந்தார். 1996இல் தொடங்கிய லிலிபாண்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பீமுக்குச் சாத்தியமான பல நிலைகளை மதிப்பெண் இட்டு ஒப்பிட்டு ஒன்றைத் தேர்கிறது. 2016இல் வந்த டோரிகோவும், 2022இல் நான்காம் பதிப்பு கண்ட மியூஸ்ஸ்கோரும் இந்த வேலையைப் பெரும்பாலும் குறைசொல்ல முடியாதபடி செய்கின்றன. இவற்றை மனிதர் கையால் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கோணமும் தடிமனும் கணக்கு. கணக்கை இயந்திரத்திடம் கொடுப்பதில் இழுக்கில்லை.

கொத்துப் பிரிப்பு கணக்கல்ல. பேலா பார்டோக்கின் ‘மைக்ரோகாஸ்மாஸ்’ 153 பியானோத் துண்டுகளின் தொகுப்பு, 1940இல் வெளியானது. அதன் கடைசி ஆறும் பல்கேரியத் தாளத்தில் அமைந்த நடனங்கள். அவற்றில் 151ஆம் துண்டிலும் 153ஆம் துண்டிலும் ஒரு பாருக்கு எட்டு க்வேவர்கள்தான். ஆனால் பார்டோக் முன்னதற்கு 3+2+3 என்றும் பின்னதற்கு 3+3+2 என்றும் தாளக்குறியையே கூட்டலாக எழுதினார். 148ஆம் துண்டில் ஒன்பது க்வேவர்கள். அவர் எழுதியது 4+2+3. இவற்றைக் கணினியில் ஏற்றும் ஒருவர் சோம்பல்பட்டு 4/4 என்றும் 9/8 என்றும் கொடுத்துவிட்டால், எட்டைப் பெரும்பாலும் நான்கு நான்காகவும் ஒன்பதை மூன்று மூன்றாகவும் மென்பொருள் சேர்த்துவிடும். ஒரு ஸ்வரம்கூடத் தவறியிருக்காது. கணினி வாசித்துக் காட்டினால் பிழை காதில் படுவதும் அரிது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து வாசிக்கும் மாணவருக்கு நடனம் இறந்துவிடும். இரண்டு வெவ்வேறு நடைகள் ஒரே முகத்தோடு நிற்கும்.

யாரும் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானாகச் செய்வதற்கு இயல்பிருப்பு என்று கணினித் தமிழில் பெயர். ஏழு க்வேவர்கள் கொண்ட தாளத்துக்கு இயல்பிருப்பு என்ன? 2+2+3, 2+3+2, 3+2+2 எதுவும் இசையில் நியாயமானதே. மென்பொருள் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டாக வேண்டும், பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் குற்றமில்லை. மாற்றுவதற்கான வழியும் வைத்திருக்கிறது. மியூஸ்ஸ்கோரில் தாளக்குறியின் பண்புகளைத் திறந்து, கோடு முறிய வேண்டிய ஸ்வரத்தைச் சொடுக்கினால் போதும். டோரிகோவில் [3+2+2]/8 என்று தாளக்குறியைத் தட்டும்போதே கொத்தும் சொல்லப்பட்டுவிடுகிறது. லிலிபாண்டில் கொத்தின் முதல் ஸ்வரத்தை அடுத்து ஒரு சதுர அடைப்புக்குறியைத் திறந்து, கடைசி ஸ்வரத்தை அடுத்து மூட வேண்டும். ஒரு நிமிட வேலை. பலரும் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவதில்லை. திரையில் வந்த தாள் ஏற்கெனவே அச்சிட்ட புத்தகத்தைப்போல் அழகாக இருப்பதே காரணம். கையெழுத்துப் பிரதி தன் அரைகுறைத்தனத்தை ஒளிக்காது. மென்பொருளின் முதல் வரைவு முடிந்த நூலின் உடையில் வந்து நிற்கிறது.

தோற்றம் என்று நாம் ஒதுக்கும் சிலவும் உண்மையில் பொருள்தான். அமெரிக்காவில் 1844இல் வெளிவந்த ‘சேக்ரட் ஹார்ப்’ பாடல் தொகுப்பில் ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி சாய்சதுரம். தலையின் வடிவமே ஸ்வரத்தின் பெயர். இன்றைய மென்பொருளில் ஒரே சொடுக்கில் எல்லாத் தலைகளையும் வட்டமாக்கிவிடலாம். சுருதி மாறாது, பாடுபவர்களின் எழுத்தறிவு மட்டும் பறிபோகும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒத்திகைக்கு நேரமில்லாமல் பார்த்தவுடன் வாசிக்க வேண்டிய கலைஞர்களுக்குப் பழகிய கொத்துகளே பாதுகாப்பு. ஒவ்வொரு இசையமைப்பாளரும் தம் விருப்பத்துக்குப் பீம் போட்டால் கூடத்தில் குழப்பமே மிஞ்சும். எலைன் கோல்ட் 2011இல் வெளியிட்ட ‘பிஹைண்ட் பார்ஸ்’ போன்ற வழிகாட்டி நூல்கள் மரபை இவ்வளவு விரிவாக வகுத்துச் சொல்வதும் இதனால்தான். இதை முழுமையாக ஏற்கிறேன். மரபிலிருந்து விலகுபவருக்குக் காரணம் இருக்க வேண்டும். ஆனால் மரபைப் பின்பற்றுவதும் மென்பொருள் கொடுத்ததை அப்படியே விட்டுவிடுவதும் ஒன்றல்ல. மரபு, தட்டு எங்கே விழுகிறது என்று தெரிந்தவரின் பழக்கம். இயல்பிருப்புக்குத் தட்டு எங்கே விழுகிறது என்று தெரியாது. தாளக்குறியின் இரண்டு எண்கள்தான் தெரியும்.

இப்போது இதைச் சொல்ல ஓர் அவசரக் காரணமும் இருக்கிறது. 1988இல் வெளிவந்து ஒரு தலைமுறை இசைக்கலைஞர்களின் கருவியாக இருந்த ஃபினாலே மென்பொருளை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதில் எழுதப்பட்ட தாள்கள் வேறு மென்பொருள்களுக்குக் குடிபெயர வேண்டியிருக்கிறது. 1983இல் உருவான மிடி முறையில் எடுத்துச்சென்றால் எந்த ஸ்வரம் எப்போது ஒலித்தது என்பது போகும். பீம் போகாது, ஏனெனில் மிடியில் பீம் என்ற கருத்தே இல்லை. 2004இல் முதல் பதிப்பு வந்த மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொரு பீமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பதிவாகும். பெறும் மென்பொருள் அதை மதிக்கும்படி நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியவர்களின் கவனக்குறைவால் எத்தனை பாடங்கள் மாறின என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழோடு இதற்குள்ள உறவும் அங்கேதான். சென்னைத் திரையிசைக் கூடங்களில் பல பத்தாண்டுகளாக வயலின் குழுக்கள் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்தே வாசித்திருக்கின்றன. இளையராஜா தம் இசையைக் கையால் தாளில் எழுதுபவர். 2025 மார்ச் 8 அன்று அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அப்படிப்பட்ட கையெழுத்துத் தாள்களை ஒருநாள் யாராவது கணினியில் ஏற்றுவார்கள். மிஸ்ர சாப்பில் அமைந்த ஒரு மெட்டு, தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக நடப்பது, 7/8 என்று தட்டப்பட்டு, இயல்பிருப்பின்படி இரண்டு, இரண்டு, மூன்று என்று கொத்தாகிவிட்டால், ஸ்வரங்களெல்லாம் சரியாக இருக்கும் ஒரு தவறான பிரதி நமக்குக் கிடைக்கும். ஐம்பதாண்டுகள் கழித்து வேறோர் ஊரில் அதை எடுத்து வாசிப்பவருக்கு மெட்டு ஏன் தடுமாறுகிறது என்று தெரிய வழியே இராது.

ஆகவே என் கட்சி எளியது. சாய்வையும் தடிமனையும் மென்பொருளிடம் விடுங்கள். பார்த்து எழுதுவதானால் மூலத்தின் கொத்துகளை முதலில் எண்ணுங்கள். சொந்தமாக எழுதுவதானால் பாரை ஒருமுறை வாயால் சொல்லிப் பாருங்கள். வாய் எங்கே நின்றதோ அங்கே கோட்டை முறியுங்கள். பெயர்த்தெழுதுபவர் தம் பெயரோடு, கொத்துகள் மூலத்தில் உள்ளபடியா, தாம் மாற்றியவையா என்று ஒரு வரியையும் முதல் பக்கத்தில் சேர்க்க வேண்டும். செய்யுள் பதிப்பாசிரியர் முன்னுரையில் எதைப் பிரித்தேன், ஏன் பிரித்தேன் என்று சொல்ல வேண்டும் என நாம் எதிர்பார்க்கிறோம். இசைத் தாளுக்கு அதே மரியாதை உண்டு.