தங்கை வீட்டுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன்

டீக்கடைக்காரர் தன் கடை வைஃபையை வருகிறவர் போகிறவருக்கு விற்கலாம். நானோ, மொட்டை மாடியில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தங்கை வீட்டுக்கு என் வைஃபையைச் சும்மாகூடக் கொடுக்க முடியாது.

டீக்கடைக்கு அரசாங்கமே துணை நிற்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வாணி திட்டத்தில் சிறு கடைகள் பொது வைஃபை நடத்தலாம். உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணமும் கிடையாது. 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களை அந்தக் கடைகளுக்கும் தர வேண்டும், வீட்டுக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது. எனக்குக் குறுக்கே நிற்பது, இணைப்பு வாங்கும்போது படிக்காமல் ஒப்புக்கொள்கிற நிபந்தனைப் பட்டியல். இணைப்பு இந்த முகவரிக்கு மட்டும், வெளியே பகிரக் கூடாது என்கிற வரி பல நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறது. என் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். “தங்கச்சி வீட்டுக்கு இன்னொரு கனெக்‌ஷன் போட்டுக்கோங்க மேடம்” என்றார் அந்தப் பையன்.

தாம்பரத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர், செம்பாக்கம் எல்லாம் மனைப்பிரிவாக வளர்ந்த ஊர்கள். ஒருவர் ஒரு கிரவுண்ட் வாங்கினால், ‘பக்கத்திலேயே வாங்கிப் போடு’ என்று உடன்பிறந்தவர்களையும் இழுத்துவருவார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கு முடிச்சூர் சாலை ஓரம், தங்கைக்கு இரண்டு தெரு தள்ளி, அண்ணன் மகனுக்கு அதற்கும் அடுத்த நகர். சாம்பாரும் இன்வெர்ட்டர் பேட்டரியும் பேரப்பிள்ளைகளும் மூன்று வீட்டுக்கும் பொது. இணையத்துக்கு மட்டும் மூன்று பில்.

தொழில்நுட்பத்தில் தடையே இல்லை. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மத்திய அரசு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆன்டெனா மாடிக்கு மேலே 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸிலும் பெரும் பகுதி திறந்துவிடப்பட்டது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் மையங்களை 2000-களின் நடுவிலேயே நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு உதவினார்கள். கிராமத்தில் உட்கார்ந்த நோயாளியைத் தேனியில் இருந்த மருத்துவர் திரையில் பார்த்தார். அது பல கிலோமீட்டர் தூரம். நான் கேட்பது முந்நூறு மீட்டர்.

சிசிடிவி மாட்டுகிற பையன்கள் தினமும் செய்கிற வேலைதான் இது. இரண்டு மாடியிலும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரு ரேடியோ. அதற்கு மின்சாரமும் கீழிருந்து போகும் நெட்வொர்க் கேபிளிலேயே ஏறிவிடும். எதிர் மாடி தெரிந்தால் மட்டும் போதாது. முந்நூறு மீட்டருக்கு, பாதி வழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி இரண்டு மீட்டராவது வெட்டவெளியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு மாமரமோ தண்ணீர்த் தொட்டியோ வந்தால் வேகம் படுத்துவிடும். இதற்குப் பயந்து தெருவுக்குக் குறுக்கே, மின்கம்பி பக்கமாகக் கேபிள் இழுப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதல்ல என் நோக்கம். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்று ஊரே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே தெருக்களில்தான் படகு போனது. எங்கள் பக்கம் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது. ஒரு மரம் சாய்ந்தால் ஒரு தெருவே அறுந்துபோகும். என் வீட்டில் ஒரு நிறுவனம், தங்கை வீட்டில் வேறொரு நிறுவனம், நடுவில் அந்த ரேடியோ என்று இருந்தால், ஒரு கம்பி போனாலும் இரண்டு வீட்டுக்கும் வழி இருக்கும். ரவுட்டரையும் ரேடியோவையும் ஒரு சின்ன பேட்டரி சில மணி நேரம் தாங்கும். துபாயிலும் டல்லாஸிலும் தவித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ‘மாடியில் பத்திரமாக இருக்கிறோம்’ என்று சொல்ல அது போதும்.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வெளிநாட்டவர் பூட்டாமல் வைத்திருந்த வைஃபை வழியாகப் போயிருந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் போலீஸ் வந்து நிற்கும். அப்படியானால் பகிர்வை மறைவில் விடுவதைவிட ஏட்டில் ஏற்றுவதுதானே பாதுகாப்பு? இன்று எத்தனையோ வீடுகளில் பாஸ்வேர்டு மாடியிலிருந்து மாடிக்குச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது யார் என்று எந்த நிறுவனத்துக்கும் தெரியாது.

நான் தொலைபேசித் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். போன் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு ‘பி.பி.’ என்று அச்சடிப்பார்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. கடையில் இருக்கிற போனுக்கு வீட்டில் எக்ஸ்டென்ஷன் கேட்டால் அதற்கு விண்ணப்பம் இருந்தது, தனி வாடகை இருந்தது. போட்டிக்கு ஆளே இல்லாத அரசுத் துறை அதைச் செய்தது. இத்தனை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு அலைகிற இன்று அது ஏன் முடியாது?

டிராய் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். அரை கிலோமீட்டருக்குள் இரண்டு வீடுகள் வரை, ஆதாரும் முகவரியும் கொடுத்து, ஒரே இணைப்பின் கீழ் பதிவு செய்து கொள்ளலாம். கூடுதல் வாடகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கட்டும். விற்பனைக்கு அனுமதி வேண்டாம். கடைக்காரருக்கு இரு மடங்கு என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, குடும்பத்துக்கு ஒன்றே கால் மடங்கோ ஒன்றரை மடங்கோ என்று போடத் தெரியாதா? பணம் கட்ட நாங்கள் தயார். கட்டுவதற்கு ஒரு கவுன்ட்டரைத் திறந்துவிடுங்கள்.